ஆயிரம் ரூபாயும் ஏழு மணிப் பஸ்ஸும்

என் கணவர் கொத்தனார். 2023ஆம் ஆண்டு கோடையில் ஒரு மாடி வீட்டு வேலையில் சாரம் சரிந்து கீழே விழுந்தார். உயிர் தப்பியது. இடது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. சமதளத்தில் நடப்பார், சாரம் ஏற முடியாது. சாரம் ஏறாத கொத்தனாரை எந்த மேஸ்திரி கூப்பிடுவார்? வட ஆர்க்காட்டுப் பக்கம் சிறிய ஊர் எங்களுடையது. நிலம் கிடையாது. மாமியார், இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். அவருடைய கூலியை நம்பித்தான் ஐந்து பேரும் இருந்தோம்.

அதன் பிறகு அரசாங்கத்திடமிருந்து எங்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, கிடைத்ததில் எது குடும்பத்தை நிமிர்த்தியது என்று எழுதுகிறேன். எங்கள் நிலையில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு இரண்டு நடை மிச்சமானாலும் எனக்கு மகிழ்ச்சி.

கிடைக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை வரும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அரசு மருத்துவக் குழு காலைப் பார்த்து, பாதிப்பு 40 சதவீதத்துக்குக் கீழ் என்று எழுதிக் கொடுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதம் இருந்தால்தான் சலுகைகளுக்குத் தகுதி. மருத்துவர்கள் அளந்தது சரியாகவே இருக்கட்டும். ஆனால் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் சாரத்தில் நின்று வேலை செய்பவருக்கும் அதே கால், அதே சதவீதம் என்றால் அது நியாயமாக எனக்குப் படவில்லை. என் கணவருக்குப் போனது காலில் கொஞ்சம், பிழைப்பில் முழுவதும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் அவர் பதிவு செய்திருக்கவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பதிவு இருந்தால் விபத்து உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று பல உண்டு. கொத்தனார், சித்தாள், தச்சர், பெயின்டர் யாராக இருந்தாலும் சரி, இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் பதிவு இருக்கிறதா, புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விழுந்த பிறகு வாரியத்தைத் தேடிப் போய்ப் பலனில்லை.

இனி கிடைத்தது. 2023 ஜூலையில், குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை தரும் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கு விண்ணப்பமும் டோக்கனும் ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. ஆதார், குடும்ப அட்டை, மின் கட்டண அட்டை, வங்கிப் புத்தகம், இவ்வளவுதான் கேட்டார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும்; கார் இருக்கக் கூடாது. மாமியார் முதியோர் உதவித்தொகை வாங்குவதால் எங்கள் வீட்டுக்குக் கிடைக்காது என்று முதலில் பேச்சு அடிபட்டது. ஆகஸ்டில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். முதியோர் உதவித்தொகை வாங்குபவர் வீட்டில் இருந்தாலும் தகுதியுள்ள வேறொரு பெண் விண்ணப்பிக்கலாம் என்றானது.

செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் முதலமைச்சர் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் பணம் ஏறியது. எங்கள் தெருவில் பலருக்கு முந்தைய நாளே செல்போனில் செய்தி வந்துவிட்டது. கணக்கு சரிதானா என்று சோதிக்க முன்கூட்டியே ஒரு ரூபாய் அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு ரூபாய் யார் யாருக்கு வந்தது என்று குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு வரவில்லை. அடுத்த வாரம் நிராகரிப்புச் செய்திதான் வந்தது.

இணையதளத்தில் ஆதார் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: மின்சாரப் பயன்பாடு 3,600 யூனிட்டுக்கு மேல். எங்கள் வீடு மாமனார் கட்டியது. அவருடைய மூன்று மகன்களும் அவரவர் குடும்பத்தோடு மூன்று தடுப்பில் இருக்கிறோம். மூன்று அடுப்பு, மூன்று குடும்ப அட்டை, ஆனால் மின் இணைப்பு ஒன்று, அதுவும் இறந்துபோன மாமனார் பெயரில். மூன்று வீட்டு மின்விசிறியும் கிரைண்டரும் என் ஒருத்தி கணக்கில் ஏறியிருந்தன.

நிராகரிப்பு வந்தால் பலர் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். செய்தி வந்த 30 நாளைக்குள் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று விதியே இருந்தது. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் போதும். நான் மூன்று குடும்ப அட்டைகளின் நகலையும் மின் கட்டண அட்டையின் நகலையும் சேர்த்து, “ஒரே இணைப்பில் மூன்று குடும்பங்கள் தனித்தனியாகச் சமைத்து வாழ்கிறோம்” என்று நாலு வரி எழுதினேன். கணவரின் விபத்து, பிள்ளைகளின் படிப்பு எதையும் அதில் எழுதவில்லை. அதிகாரி பார்ப்பது நிராகரித்த காரணத்துக்குப் பதில் இருக்கிறதா என்பதைத்தான். என் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பக்கத்துக்குத் தன் கஷ்டத்தை எல்லாம் எழுதினார். கார் தன் பெயரில் இல்லை என்கிற ஒரு வரி அதில் விட்டுப்போயிருந்தது. மறுபடியும் எழுதித்தான் அவருக்குக் கிடைத்தது.

கிராம நிர்வாக அலுவலர் ஒரு நாள் காலையில் வந்து மூன்று அடுப்பையும் பார்த்துவிட்டுப் போனார். நவம்பரில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மேல்முறையீட்டில் தேறிய ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திட்டத்தில் சேர்த்தார்கள். என் பெயரும் அதில் இருந்தது.

பெயர் வந்ததே தவிர, புத்தகத்தைப் பதிவு செய்து பார்த்தால் பணம் இல்லை. இது நிறையப் பேருக்கு நடப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அரசு உதவி இப்போது ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படுகிறது. உங்கள் ஆதார் எந்தெந்தக் கணக்கில் பதிவாகியிருந்தாலும், நேரடி உதவித்தொகைக்கென்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குதான் இணைப்பில் இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டீர்களோ அந்த வங்கிக்குத்தான் பணம் போகும். நான் எப்போதோ கேஸ் மானியத்துக்காகத் திறந்து, பிறகு மறந்தே போன கணக்கில் அந்த ஆயிரம் ரூபாய் உட்கார்ந்திருந்தது. வங்கியில் போய், “என் ஆதார் இந்தக் கணக்கில் இருக்கிறதா?” என்று கேட்டால், இருக்கிறது என்பார்கள், அது உண்மையும்கூட. “அரசு மானியம் வருவதற்கான இணைப்பு எந்த வங்கியில் இருக்கிறது?” என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்திலும் இதைப் பார்க்கலாம். செல்போன் எண் ஆதாரில் இருந்தால் ஒரு நிமிட வேலை.

கணக்கு எந்த வகை என்பதும் முக்கியம். எங்கள் தெருவில் ஒருவருக்கு முதல் மாதப் பணம் வந்த அன்றே, குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று வங்கி அபராதம் பிடித்துக்கொண்டது. அப்போது மாநிலம் முழுவதும் இந்தப் புகார் எழுந்து, உரிமைத்தொகையில் கைவைக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளுக்குச் சொன்னார். ஜன் தன் கணக்கு அல்லது அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்றால் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லை. சாதாரணக் கணக்கை அப்படி மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். பணம் பிடித்துவிட்டால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பதிவு எண் வாங்கி வையுங்கள்.

பெண்களுக்கென்றே இன்னொரு தொல்லை இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து, குடும்ப அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து, ஆதாரில் முதலெழுத்தே இல்லாமல் வெறும் பெயர். ஒரே பெண் மூன்று பேராக நிற்பாள். திருமணம் ஆன பெண்களில் இந்தச் சிக்கல் இல்லாதவரை எங்கள் மகளிர் குழுவில் நான் பார்த்ததில்லை. எந்தத் திட்டமும் அறிவிக்கப்படாத சாவகாசமான மாதத்தில் ஆதாரை முதலில் திருத்துங்கள். அதை வைத்து மற்ற இரண்டையும் திருத்தலாம். முகாம் அறிவித்த பிறகு போனால் கூட்டத்தில் நின்று கால்தான் வலிக்கும்.

இதற்கு நடுவில் நூறு நாள் வேலைக்குப் போனேன். ஏரிக்கரை பலப்படுத்துவது, வரத்துக் கால்வாய் தூர்வாருவது, மரக்கன்று நடக் குழி எடுப்பது. அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு ஒரு நாள் கூலி 294 ரூபாய். பிறகு 319, அதன் பிறகு 336 ஆனது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பணித்தளப் பொறுப்பாளர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் செல்போனில் படம் எடுப்பார். ஏரிக்குள் சிக்னல் இருக்காது. படம் ஏறும்வரை வெயிலில் நிற்க வேண்டும். ஏறாவிட்டால் அன்றைய வருகையே சிக்கல்தான். மண்வெட்டி பிடித்துப் பிடித்து எங்களில் வயதான பெண்களுக்குக் கைரேகை தேய்ந்துபோயிருக்கிறது. வங்கி முகவரின் கருவியில் கட்டைவிரலை வைத்தால் எடுக்காது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்ப்பார்கள், புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள், வேறு விரலை வைப்பார்கள். உழைத்து உழைத்துத்தான் ரேகை போனது. உழைத்த கூலியை எடுக்க அந்த ரேகையைக் கேட்கிறது கருவி. முகவரிடம் எடுக்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். ரேகை எடுக்காதவர்கள் கிளைக்கே போய்ச் சீட்டு எழுதி எடுக்கலாம், அது உரிமை.

வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் தேதி போட்ட ரசீது தர வேண்டும், 15 நாளைக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்று நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வாய்மொழியாகக் கேட்டால் எந்த உரிமையும் நிற்காது. எங்கள் குழுவில் இருபது பேரும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்து ரசீது கேட்டபோதுதான் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள்.

ஆனால் கூலி வரும் நாளை நம்பி யாரும் கடன் வாங்க முடியாது. 2024 நவம்பர் கடைசியிலிருந்து செய்த வேலைக்குப் பொங்கல் வந்தும் கூலி வரவில்லை. தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி நிற்கிறது என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கோடை வந்தும் காத்திருந்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். அந்த மாதங்களில் மளிகைக் கடைக்காரர் எங்களுக்குக் கடன் கொடுத்தது ஒரே காரணத்தால்தான்: மாதம் பாதியில் ஆயிரம் ரூபாய் தவறாமல் வரும் என்று அவருக்கும் தெரியும். கூலி என்பது பெரிய தொகை, ஆனால் எப்போது வரும் என்று தெரியாது. உரிமைத்தொகை சிறிய தொகை, ஆனால் தேதி தெரியும். ஏழை வீட்டில் தேதிக்கு இருக்கிற மதிப்பு வசதியானவர்களுக்குப் புரிவது கஷ்டம். 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. நாள் 125 என்கிறது. செலவில் 40 சதவீதத்தை மாநிலம் ஏற்க வேண்டும், விதைப்பு அறுவடைக் காலத்தில் 60 நாள்வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. நாள் கணக்கைவிட, கூலி எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதைத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்கிறார்கள்.

இப்போது தையலுக்கு வருகிறேன். ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்று வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துகின்றன. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். தையல், ஆடு வளர்ப்பு, அழகுக்கலை, செல்போன் பழுது பார்த்தல் என்று பல உண்டு. எங்கள் குழுவுக்கு இந்தத் தகவல் பல வருடமாக வந்துகொண்டிருந்தது, யாரும் போனதில்லை. இலவசம் என்றால் ஏன் போகவில்லை என்று கூட்டத்தில் ஒரு அதிகாரி கேட்டார். பயிற்சி இலவசம்தான், ஆனால் ஒரு மாதம் பயிற்சிக்குப் போனால் ஒரு மாதக் கூலி போகும். காலையில் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டாமல் ஏழு மணிப் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. பஸ்ஸுக்குக் காசு வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்துதான் பெண்களை வீட்டிலேயே வைத்திருந்தன.

2024 தொடக்கத்தில் நான் போனேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்தே கட்டணம் இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு வந்துவிட்டது. இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகன் பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டான். ஏழாம் வகுப்பு மகளுக்கு அது கிடையாது. அவளுக்கு முந்தைய நாளே மாவு ஆட்டி வைத்துவிடுவேன், அவளே தோசை ஊற்றிக்கொள்வாள். ஏரி வேலைக்குப் போகாமல் விட்ட கூலியில் ஒரு பங்கை உரிமைத்தொகை ஈடுகட்டியது. தங்கிப் படிக்க வீட்டுச் சூழல் இடம் தரவில்லை என்று சொன்னதும் தினமும் வந்துபோக அனுமதித்தார்கள். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். வேலைக்கான உதவி என்றால் பயிற்சியும் கடனும் மட்டும் என்று நினைக்கிறார்கள். என்னை வேலைக்கு அனுப்பியவற்றில் மகனுக்குக் கிடைத்த ஒரு தட்டு உப்புமாவையும் நான் சேர்த்துத்தான் எண்ணுவேன்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மகளிர் குழுக் கடனில் மோட்டார் வைத்த மிஷின் வாங்கினேன். பிறகு மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஆனேன். எட்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் இலவசச் சீருடை தருகிறார்களே, அதைத் தைப்பது இந்தச் சங்கங்களின் பெண்கள்தான். சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் உங்கள் பக்கத்துச் சங்கம் எது என்று சொல்வார்கள். வெட்டிய துணியைக் கட்டாகக் கொடுப்பார்கள், வீட்டில் வைத்துத் தைத்து எண்ணிக் கொடுக்க வேண்டும். அளவு எண் எழுதிய சீட்டு ஒவ்வொரு கட்டிலும் இருக்கும். அது மாறினால் கை ஒரு அளவு, உடம்பு ஒரு அளவு என்று ஆகிவிடும், பிரித்துத் தைக்க வேண்டிவரும். வாங்கும்போதே கட்டைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். என் கணவர் இப்போது மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் வைக்கிறார், மடித்துக் கட்டுகிறார். செங்கல் வரிசை பார்த்த கண், தையல் கோணினால் என்னைவிட முன்னால் பிடித்துவிடும்.

குறையையும் சொல்ல வேண்டும். சீருடை வேலை ஆண்டு முழுவதும் கிடையாது. பள்ளி திறக்கும் முன்பு ராத்திரி பகலாக ஓடும், பிறகு வாரக்கணக்கில் மிஷின் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் ரவிக்கை, பாவாடை, திரை என்று ஊர் வேலையைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சங்கத்தை மட்டும் நம்பிக் கடன் தவணையைப் பெரிதாக வைத்துக்கொள்ளாதீர்கள். செய்யாறு சிப்காட்டில் இருக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கு எங்கள் பக்கத்து இளம்பெண்கள் நிறையப் பேர் போகிறார்கள். மாதச் சம்பளம் நிலையானது. கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டுப் பெண்ணுக்கு அது கைகூடாது. வட்டார அளவில் ஒரு பயிற்சிக் கூடமும் அதை ஒட்டி ஒரு குழந்தைகள் காப்பகமும் இருந்தால் எங்கள் குழுவிலேயே இன்னும் பத்துப் பேர் மிஷினில் உட்கார்ந்திருப்பார்கள்.

இலவசமாகப் பணம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் பேசுகிறவர்களை நான் பார்க்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆயிரம் ரூபாயில் சோம்பேறியாக இருக்க முடிகிற வீடு எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். எங்கள் குழுவில் அந்தப் பணம் வந்த பிறகு ஒருத்தி கோழி வாங்கினாள், ஒருத்தி நகைக்கடன் வட்டியைத் தவறாமல் கட்டி மோதிரத்தை மீட்டாள், ஒருத்தி மகளைக் கல்லூரியில் சேர்த்தாள். அந்த மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் தனியாக ஆயிரம் வருகிறது. பணம் தன் பெயரில் வருவதால் யாரிடமும் கேட்காமல் செலவு செய்ய முடிகிறது என்று என் மாமியார் வயதுப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் உரிமைத்தொகைக்கு மறுபடி விண்ணப்பம் வாங்கினார்கள். அந்த டிசம்பரில் இரண்டாம் கட்டமாகப் பலரைச் சேர்த்தார்கள். அதிலும் கிடைக்காதவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். மனுவை இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள், நிராகரித்த செய்தியை அச்சிட்டு இணையுங்கள், ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் எழுதுங்கள். மனு எண் போட்ட சீட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை எந்த மேசைக்குப் போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.